மீளும் சக்கரம்: 'டக்டிக்ஸ் ஓகர்' கையடக்க மீளாக்கம் பற்றிய சில அவதானங்கள்

மின்னணு ஆட்டமொன்றை ஆய்வேட்டில் எடுத்துப் பேசுவது தகுமா என்னும் வினா எழலாம். கூத்தும் திரைப்படமும் துப்பறியும் நாவலும் தத்தம் காலத்தில் இவ்வையத்தை எதிர்கொண்டவையே. ஒரு வடிவம் மக்களை எவ்வளவு நேரம் தன்பால் ஈர்த்து வைத்திருக்கின்றது, அந்நேரத்தில் அது உலகைப் பற்றி அவர்களுக்கு எதனைக் கற்பிக்கின்றது என்னும் இரு வினாக்களுக்கும் விடை தேடுவது சமூகவியல் நோக்குடைய விமர்சனத்தின் பணியாகும். ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது, யப்பானில் 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் திகதி 'குவெஸ்ட்' நிறுவனம் சூப்பர் பமிகொம் பொறிக்கென வெளியிட்ட 'டக்டிக்ஸ் ஓகர்' என்னும் ஆட்டமும், பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2010 நவம்பரில், சோனி நிறுவனத்தின் கையடக்கப் பொறியான பிளேஸ்டேசன் போட்டபிளுக்கென 'ஸ்குவயர் எனிக்ஸ்' நிறுவனம் கொணர்ந்த அதன் மீளாக்கமுமாகும். மீளாக்கத்தின் ஆங்கிலப் பதிப்பு 2011 பெப்ரவரியில் வெளியாயிற்று. இக்கட்டுரை பெரிதும் அப்பதிப்பை ஆடிப் பெற்ற அவதானங்களின் அடிப்படையில் அமைவது.

இவ்வகை ஆட்டத்தை அறியாதார்க்கு அதன் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். சதுரங்கப் பலகையைப் போன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட போர்க்களம் ஒன்று திரையில் தோன்றும். ஆடுபவர் தம் படையினரை ஒருவர் பின் ஒருவராக நகர்த்துவார். சதுரங்கத்தினின்று இஃது இரு வகையில் வேறுபடும். முதலாவது, காய்களுக்குப் பெயரும் பிறப்பும் பேச்சும் உண்டு. ஒரு போரிற் பெற்ற அனுபவத்தை அவை அடுத்த போருக்குக் கொண்டு செல்லும். இரண்டாவது, போர்களுக்கு இடையே ஒரு கதை நிகழும். இவ்விரு பண்புகளும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வந்தவை. பிரஷ்யப் படை அதிகாரிகளைப் பயிற்றுவதற்கென 1824இல் ரைஸ்விற்ஸ் வகுத்த போர் ஆட்டம் ஓர் ஊற்று. அம்மரபின் வழியே, சிறு பொம்மைகளை மேசைமீது நிறுத்தி ஆடும் வழக்கத்திலிருந்து கிளைத்து, 1974இல் அமெரிக்காவில் கைகாக்ஸ், ஆர்னசன் ஆகியோர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்பு ஆட்டம் மற்றையது. பிரஷ்ய ஆட்டத்தில் படையணி ஓர் எண். அமெரிக்க ஆட்டத்திலோ ஆடுபவர் ஒரு மனிதர். இவ்விரண்டையும் யப்பானியப் பொறிகளில் இணைத்தவற்றுள் 1990இல் வெளிவந்த 'பயர் எம்பிளம்' முன்னோடியானது. 'டக்டிக்ஸ் ஓகர்' அவ்வழியில் வந்ததே ஆயினும், அதற்கு முன் இவ்வகை ஆட்டங்கள் அறிந்திராத அரசியற் பொருளொன்றை உட்கொண்டிருந்தது.

அப்பொருளை விளங்கிக்கொள்ள அது தோன்றிய காலத்தை நோக்குதல் தகும். இதனை வடிவமைத்து எழுதிய யசுமி மற்சுனோ 1965இற் பிறந்தவர். யூகோஸ்லாவியப் போர்கள் தம் சிந்தனையில் ஏற்படுத்திய தாக்கத்தை அவரே பின்னாளில் நேர்காணல்களிற் குறிப்பிட்டுள்ளார். 1991 ஜூனில் சுலொவேனியாவும் குரோசியாவும் பிரிந்தன. 1992 ஏப்ரலில் பொஸ்னியப் போர் தொடங்கிற்று. தலைமுறைகளாக ஒரே தெருவில் வாழ்ந்தோர் ஒருவரையொருவர் கொன்றமையை உலகம் தொலைக்காட்சியிற் கண்டது. ஆட்டம் கடைக்கு வருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 1995 ஜூலையில், சிரெப்ரெனிட்சாவில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பொஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவரும் கொல்லப்பட்டனர். ஆட்டத்தின் நடுவிலே நிற்கும் படுகொலை அதனைப் பார்த்து எழுதப்பட்டதன்று. அதற்குக் காலம் போதாது. எனினும் இரண்டும் ஒரே வரலாற்றுச் சூழலின் விளைவுகள் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆட்டத்தின் துணைப்பெயர் ஆங்கில இசைக்குழுவாகிய 'குவீன்' 1976இல் வெளியிட்ட பாடலொன்றிலிருந்து பெறப்பட்டதாகும். ஒருவரையொருவர் பற்றி நிற்றல் என்பது அதன் பொருள். அக்குழு யப்பானிய இரசிகர்களுக்கென யப்பானிய மொழி அடிகளையும் சேர்த்துப் பாடிய பாடல் அது. கதையின் உள்ளடக்கத்தோடு வைத்து நோக்கும்போது அத்துணைப்பெயர் ஏறத்தாழ ஓர் எள்ளலாகவே ஒலிக்கின்றது.

கதை நிகழ்வது வலேரியா என்னும் தீவுக்கூட்டத்தில். அங்கு மூன்று இனத்தவர் வாழ்கின்றனர். எண்ணிக்கையிற் பெரும்பான்மையினர் கல்கஸ்தானியர், அரசிலும் சமயத்திலும் உயர்நிலை வகிப்போர் பக்ரமியர், சிறுபான்மையினர் வலிஸ்டர். இவர்களை ஒரே முடியின் கீழ் கொணர்ந்த டோர்கலுவா மன்னன் வாரிசின்றி இறக்கவே உள்நாட்டுப் போர் மூள்கின்றது. பக்ரமியரின் தலைவனாகிய பிரான்டின் என்னும் மதகுரு, லொடிஸ் என்னும் அயல் வல்லரசின் படையைத் துணைக்கழைத்து வடபகுதியைக் கைக்கொள்கின்றான். தெற்கே கல்கஸ்தானியத் தலைவன் பல்பத்தோஸ் வலிஸ்டர் மக்களை ஒடுக்கி, ஒதுக்கிடங்களில் அடைக்கின்றான். மூவரும் தத்தம் இனத்தின் பெயராலேயே பேசுகின்றனர். வலுமிக்க தலைவனொருவனின் மறைவோடு கூட்டரசு குலைதல் என்ற அமைப்பில், 1980இல் டிட்டோ மறைந்த பின்னான யூகோஸ்லாவியாவின் நிழல் தெரிகின்றது. ஆயினும் கதையிலுள்ள ஒவ்வோர் இனத்துக்கும் நேரான ஓர் இனத்தை நிலப்படத்திற் தேடுவது பயனற்ற வேலை. இப்படைப்பு எந்த ஒரு நாட்டின் உருவகமும் அன்று. இனத்துவ அரசியல் இயங்கும் முறையைப் பற்றியது.

கதைத் தலைவன் டெனம். வலிஸ்டர் ஊரொன்றில், மதகுருவின் மகனாக வளர்ந்த இளைஞன். லொடிஸ் நாட்டுக் கருமறவர் அவ்வூரை எரித்துத் தந்தையைக் கொண்டு சென்றனர். தமக்கை கட்டியுவாவுடனும் நண்பன் வைஸுடனும் சேர்ந்து, அப்படையின் தலைவனாகிய லன்சலொட்டைக் கொல்லக் காத்திருப்பதோடு ஆட்டம் தொடங்குகின்றது. அவர்கள் தாக்கச் சென்ற மனிதனுக்கும் லன்சலொட் என்றே பெயர். ஆனால் அவன் வேற்றுநாட்டிலிருந்து வந்த, வேறொரு லன்சலொட். பெயரை வைத்துப் பகைவனை இனங்காணுவது எத்துணை அபாயமானது என்பதை முதற் காட்சியிலேயே காட்டிவிடும் இவ்வமைப்பு தற்செயலானதாகத் தோன்றவில்லை. பின்னர் இவ்விளைஞர் வலிஸ்டரின் தலைவனாகிய ரொன்வே பிரபுவைச் சிறைமீட்டு வீரர்களாகப் போற்றப்படுகின்றனர்.

முதல் அத்தியாயத்தின் முடிவிலே பல்மமூசா வருகின்றது. வலிஸ்டர் மக்கள் அடைத்து வைக்கப்பட்டுள்ள அவ்வூருக்குச் சென்று, அவர்களைக் கிளர்ச்சிக்கு அழைக்குமாறு பிரபு டெனத்தை அனுப்புகின்றான். மக்கள் மறுக்கின்றனர். போரினாற் களைத்தவர்கள் அவர்கள். இருக்கும் வாழ்வே போதுமென்கின்றனர். அப்போது பிரபுவின் மறவனாகிய லியனார் வந்து உண்மையான கட்டளையை வெளியிடுகின்றான். அவ்வூரிலுள்ளோர் அனைவரையும் கொன்றுவிட்டு, பழியைக் கல்கஸ்தானியர்மீது சுமத்த வேண்டும். அவ்வாறு செய்தால் எஞ்சிய வலிஸ்டர் மக்கள் சினந்து ஒன்றுபடுவர். கல்கஸ்தானியருள் மிதவாதிகளும் தம் தலைமையை வெறுப்பர். மக்கள் மறுப்பர் என்பதைப் பிரபு முன்னரே எதிர்பார்த்திருந்தான். லியனார் கொடியவனாகச் சித்திரிக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவன் கணக்குப் பார்த்துப் பேசுகின்றான். தன் கையும் கறைப்படுவதை அவன் அறிவான். விடுதலையின் பெயரால் நிகழும் கொடுமைக்கு அவன் முன்வைக்கும் தருக்கம் குறைபாடற்றது, ஆதலாலேயே அச்சந்தருவது.

இங்கே ஆடுபவர் முன் இரு விடைகள் வைக்கப்படுகின்றன: கட்டளைக்கு இசைதல், மறுத்தல். இசைந்தால் நண்பன் வைஸ் வெகுண்டு பிரிந்து செல்கின்றான். மறுத்தாலோ அதே வைஸ் கட்டளையை ஏற்று நிற்கின்றான். டெனம் துரோகியெனப் பழிசுமத்தப்பட்டுத் தேடப்படுகின்றான். எவ்விடையைத் தேர்ந்தாலும் படுகொலை நிகழ்ந்தே தீர்கின்றது. பெரும்பாலான ஆட்டங்களில் நல்லதைத் தேர்ந்தால் நன்மையும் தீயதைத் தேர்ந்தால் தீமையும் விளையும். தேர்வு என்பது விலைப்பட்டியலாகிவிடும். இங்கு தேர்வு நிகழ்ச்சியை மாற்றுவதில்லை. நிகழ்ச்சிக்குப் பின் ஒருவன் யாருடன் நிற்கின்றான் என்பதையே மாற்றுகின்றது. படுகொலைக்கான காரணங்கள் டெனத்தின் நெஞ்சில் இல்லை. தலைமையின் தேவையிலும் போரின் சமநிலையிலும் உள்ளன. தனிமனித அறத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும், எல்லை இருப்பதனால் அவ்வறம் பொருளற்றதாகிவிடாது என்பதையும் ஒரே காட்சியில் உணர்த்துவது எந்த வடிவத்திலும் எளிதன்று. மற்சுனோவின் சாதனையென நான் கருதுவது இதனையே. வைஸின் பாத்திரம் இதற்கு மேலும் வலுவூட்டுகின்றது. ஒரே மனிதன், ஒரே வறுமைப் பின்னணி, ஒரே பகைமை. சூழ்நிலை சற்றே திரும்பியவுடன் கொலைக்கு எதிராக நின்றவன் கொலைக்குத் துணைநிற்கின்றான். இனவாதி என்பவன் பிறப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சித்திரிப்பு வேண்டியதில்லை.

இத்தேர்விலிருந்து கதை கிளைக்கின்றது. இரண்டாம் அத்தியாயம் இரு வடிவங்களையும் மூன்றாம் அத்தியாயம் மூன்று வடிவங்களையும் கொண்டது. நான்காம் அத்தியாயத்தில் கிளைகள் மீளவும் ஒன்றாகின்றன. போர்க்களத்திலே ஆடுபவர் கொல்வோரின் இனத்தைக்கூட ஆட்டம் மறைவாகக் கணக்கு வைத்துக்கொள்கின்றது. ஓரினத்தவரை மிகுதியாகக் கொன்றால் அவ்வினத்தவரின் மனம் முறிகின்றது; அம்முறிவு முடிவிலே வந்து சேர்கின்றது.

இனி, மீளாக்கம் செய்தவை யாவை என நோக்குவோம். 2002இல் குவெஸ்ட் நிறுவனத்தை ஸ்குவயர் நிறுவனம் தன்னுள் ஈர்த்துக்கொண்டது. மற்சுனோவோ அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஸ்குவயருக்குச் சென்று, 1997இல் 'பைனல் பான்டசி டக்டிக்ஸ்' ஆட்டத்தை ஆக்கியிருந்தார். 2005இல் அந்நிறுவனத்தை விட்டும் விலகியிருந்தார். மீளாக்கத்துக்கென அவரும், ஓவியர் அகிஹிகோ யொஷிதா, ஹிரொஷி மினகாவா, இசையமைப்பாளர் ஹிதோஷி சகிமொட்டோ, மசஹரு இவாட்டா ஆகியோரும் மீண்டும் ஒன்றுகூடினர். பழைய படைப்பொன்றைப் பிறர் கையெடுத்துப் புதுக்குவதே வணிக உலகின் வழமை. அதனை ஆக்கியோரே பதினைந்தாண்டு முதிர்ச்சியுடன் மீளத் திருத்துவது அரிது. கவிஞனொருவன் தன் இளமைக்காலக் காவியத்தை நடுவயதில் மீளப் பதிப்பிப்பதை ஒத்தது.

தோற்றத்தில் அவர்கள் காட்டிய அடக்கம் பாராட்டுக்குரியது. கையடக்கப் பொறி முப்பரிமாண உருவங்களை இயக்க வல்லதாயிருந்தும், பழைய சிறு புள்ளியுருவங்களையே பேணினர். சாய்கோணத்தில் அமைந்த மேடுபள்ளமான களம், அதன்மீது விரலளவு மாந்தர், அகன்ற சிறு திரை. உயரம் இவ்வாட்டத்தில் முதன்மையானது: மேட்டில் நிற்கும் வில்லாளியின் அம்பு நெடுந்தூரம் செல்லும், பள்ளத்தில் நிற்போன் மதிலில் எய்வான். பழைய பதிப்பில் அம்பு எங்கு விழுமென்பதை அனுபவத்தாலேயே அறிய வேண்டியிருந்தது. மீளாக்கம் அதன் பாதையை வளைகோடாகக் காட்டுகின்றது. களத்தை நேர் மேலிருந்து நோக்கும் வசதியும் சேர்க்கப்பட்டுள்ளது. ஒரு களத்தில் பன்னிருவர் வரை இறக்கலாம். இரு தரப்பும் மாறி மாறி ஆடும் முறை இங்கு இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் விரைவுக்கும் சுமைக்கும் ஏற்ப முறை பெறுவர். கனத்த கவசம் பூண்டவன் அடிபட மாட்டான். ஆயினும் அவன் முறை வருமுன் மற்றையோர் இருமுறை ஆடிவிடுவர்.

அனைத்துத் திருத்தங்களும் நற்பயன் தந்தன என்பதற்கில்லை. பழைய ஆட்டத்தில் தேர்ச்சிநிலை ஒவ்வொரு மனிதருக்கும் உரியதாயிருந்தது. மீளாக்கத்தில் அது தொழிலுக்கு உரியதாயிற்று. வில்லாளிகள் அனைவருக்கும் ஒரே நிலை. நேற்றுச் சேர்ந்தவரும் முதல்நாளே சேர்ந்தவரும் அதில் ஒப்பர். புதியோரைப் பயிற்றும் சுமை இதனாற் குறைந்தது உண்மையே. ஆனால் கதையின் பிற்பகுதியில் புதிய தொழிலொன்று கிடைக்கும்போது அதனை முதலாம் நிலையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தமையால், அத்தொழிலைப் பலரும் தொடாமலே விட்டனர். கருவிகளை ஆக்கும் ஏற்பாடோ இன்னும் தொல்லையானது. தாதுவை உருக்கிக் கட்டியாக்கி, கட்டியை வாளாக்கும் ஒவ்வொரு படியும் தனித்தனியே செய்யப்பட வேண்டும். ஒவ்வொன்றும் பிழைக்கவும் கூடும். மன்னரும் மறவரும் நிறைந்த இவ்வாட்டத்தில் கைவினை உழைப்புக்குக் கிடைத்த ஒரேயிடம் ஆடுபவர் சலிப்படையும் இடமாக அமைந்துவிட்டது. உழைப்பைப் பற்றி வடிவமைப்பாளர் கொண்டிருந்த எண்ணத்தை இது தாமறியாமலே வெளிப்படுத்துகின்றது போலும்.

ஆங்கில மொழிபெயர்ப்பைப் பற்றிச் சில சொற்கள் கூறல் வேண்டும். 1997இல் பிளேஸ்டேசன் பொறிக்கு மாற்றப்பட்ட பழைய பதிப்பு 1998இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அது எளிய, சிலவிடங்களில் தட்டையான ஆங்கிலம். 2011ஆம் ஆண்டுப் பதிப்புக்கென அலெக்சாண்டர் சிமித், ஜோசப் ரீடர் ஆகியோர் முற்றும் புதிதாக மொழிபெயர்த்தனர். அவர்களின் நடை பழமை சார்ந்தது. வரலாற்று நாடகத்தின் மேடையுரையை நினைவூட்டுவது. பழமை நடை என்றவுடன் நம்மவர்க்கு ஆடம்பர வசனங்கள் நினைவுக்கு வருதல் கூடும். ஈண்டு அது வேறொரு பணியைச் செய்கின்றது. உயர்குடியினர் படுகொலையைப் பற்றிப் பேசும்போது மொழி மேலும் மேலும் நயமுடையதாகின்றது. ஊர்மக்களின் மறுப்பு நேரடியானதாக ஒலிக்கின்றது. அதிகாரம் தன் செயலை அழகிய சொற்களாற் போர்த்திக்கொள்வதை மொழிநடையாலேயே காட்டியமை இம்மொழிபெயர்ப்பின் தனிச்சிறப்பு. பாத்திரங்களின் பெயர்களையும் அவர்கள் மாற்றியமைத்தனர். பழைய பதிப்பைப் பழகியோர் சிலர் இதனை விரும்பவில்லை. ஆனால் துணியொன்றின் பெயரை ஒத்திருந்த 'டெனிம்' என்னும் தலைவன் பெயர் 'டெனம்' ஆனதில் வருந்துதற்கு ஏதுமில்லை.

மீளாக்கத்தின் மையமான புதுமை காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் இரு ஏற்பாடுகளாகும். அவற்றை ஆட்டம் குறிசொல்லும் சீட்டுகளின் பெயரால் அழைக்கின்றது. யப்பானியப் பதிப்பின் துணைப்பெயரே விதியின் சக்கரம் எனப் பொருள்படுவது. 'தேர்' எனப்படும் முதலாவது ஏற்பாடு போர்க்களத்துக்கு உரியது. ஒரு போரின்போது ஐம்பது நகர்வுகள் வரை பின்சென்று வேறு வகையில் ஆடலாம். 'உலகம்' எனப்படும் இரண்டாவது, கதைக்கு உரியது. ஆட்டத்தை ஒருமுறை முடித்தவர், கதையின் குறித்த சில கட்டங்களுக்குத் திரும்பிச் சென்று, முன்னர் விட்ட பாதையைத் தேர்ந்து ஆடலாம். தம் படையையும் தேர்ச்சியையும் உடன் கொண்டு செல்லவும் இயலும்.

முதலாவதைப் பற்றி எழுந்த எதிர்ப்பு எளிதில் ஊகிக்கத்தக்கது. இவ்வாட்டத்திலே வீழ்ந்தவர் மூன்று முறைக்குள் எழுப்பப்படாவிடின் தம்மிடமுள்ள மூன்று உயிர்க்குறிகளுள் ஒன்றை இழப்பார். மூன்றும் போனால் அவர் இறந்தவரே, மீளார். சாவுக்கு இத்துணை எடையளித்த ஆட்டம் அதனைக் கண்ணிமைப்பொழுதில் நீக்கும் வழியையும் தந்ததேன் என்பர் எதிர்ப்போர். இவ்வாதம் நடைமுறையை மறந்தது. பழைய ஆட்டத்திலும் ஒருவர் இறந்தவுடன் பொறியை நிறுத்தி, சேமித்த இடத்திலிருந்து மீளத் தொடங்குவதே பலரின் வழக்கம். தேர்ச் சீட்டு மறைவாக நடந்ததை வெளிப்படையாக்கிற்று. கையடக்கப் பொறியை இரயிலிலும் பேருந்திலும் வைத்து ஆடுவோரின் நேரத்தையும் மிச்சப்படுத்திற்று. ஊடகத்தின் பௌதிக நிலைமை கலைவடிவத்தைத் திருத்தும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இரண்டாவதே சிந்தனைக்குரியது. பல்மமூசாவில் கட்டளைக்கு இசைந்தவர் திரும்பிச் சென்று மறுக்கலாம் எனின், இசைந்தமையின் சுமை என்னாவது? வாழ்வில் எவரும் அக்கணத்துக்குத் திரும்பியதில்லை. துன்பியலின் உயிர்நிலை மீளாமை அன்றோ? இவ்வினாவோடு நான் உலகச் சீட்டை அணுகினேன். ஆனால் ஆடிப் பார்த்தபோது விளைவு எதிர்மாறாயிருந்தது. முதல்முறை ஆடுபவர், மறுத்திருந்தால் அம்மக்கள் பிழைத்திருப்பர் என்று எண்ணித் தம்மையே நொந்துகொள்ளலாம். இசையாதவர் தம் கை தூயதென மகிழலாம். திரும்பிச் சென்று மற்றைப் பாதையை ஆடியபின் இரு எண்ணங்களும் நிலைப்பதில்லை. ஊர் எரிந்தே கிடக்கின்றது. ஒரு பாதையில் மாவீரனாக நடந்தவர், மற்றைப் பாதையில் அதே வீதிகளில் தேடப்படுபவராக நடக்கின்றார். கிளைகள் அனைத்தையும் அருகருகே வைத்துக் காணும்போதே, தனித்தனியே காணும்போது தற்செயல்களாகத் தோன்றியவற்றின் அடியிலுள்ள அமைப்பு புலனாகின்றது. எல்லாப் பாதைகளிலும் மாறாதிருப்பவை எவை? லொடிஸின் தலையீடு, தலைவர்களின் பேரம், கேட்கப்படாத மக்களின் குரல். இவை மாறா எண்கள். டெனத்தின் குணம் மாறும் எண். வரலாற்றாசிரியர் ஒப்பியல் முறையாற் செய்வதை ஆடுபவர் விரல்களாற் செய்கின்றார்.

மேலும் ஒன்று. போரில் நேர்ந்த பிழையை உடனே திருத்தலாம்; அரசியலில் நேர்ந்ததையோ வரலாறு முழுவதும் முடிந்த பின்னரே திரும்பிப் பார்க்கலாம். இவ்விரு திருப்பங்களுக்கும் இடையே ஆட்டம் வகுத்துள்ள வேறுபாடு ஆழ்ந்த புரிந்துணர்வின் விளைவென்றே கொள்ளலாம். பாதை மாறி ஆடுகையில், முந்திய பாதையிற் சேர்ந்த தோழர்கள் சிலர் உடன் வருவர். அவர்கள் இப்பாதையின் கதையில் பேச மாட்டார்கள். வாய்திறவாது உடன் நின்று போரிடுவர். இதனைத் தொழில்நுட்பக் குறைபாடென ஒதுக்கிவிடலாம். எனக்கு அது அவ்வாறு தோன்றவில்லை. நிகழாமற்போன வரலாறுகளின் மாந்தர் நிகழ்ந்த வரலாற்றினூடே நடப்பதாகவே தோன்றிற்று. மீளாக்கத்தில் புதிதாகப் படைக்கப்பட்ட ரவ்னெஸ் என்னும் பெண் மறவரும் இங்குக் குறிப்பிடத்தக்கவர். வலிஸ்டர் படையினுள் இருந்தே படுகொலையை எதிர்ப்பவர் அவர். அவரது வருகையால், டெனத்துக்கும் வைஸுக்கும் அப்பால், கட்டளைக்கு எதிரான மூன்றாவது குரலொன்று கதைக்குள் நுழைந்தது. எதிர்ப்பு என்பது தலைவனாகப் பிறந்தவனுக்கு மட்டுமே உரியதன்று என்ற எண்ணம் பதினைந்தாண்டுகளுக்குப் பின் ஆசிரியருக்குத் தோன்றியிருத்தல் கூடும்.

இவ்வளவு உயர்ந்த படைப்பு தன் பிற்பகுதியிற் சரிவது வருத்தத்துக்குரியது. நான்காம் அத்தியாயத்தில் இரு உண்மைகள் வெளிப்படுகின்றன. கட்டியுவா டோர்கலுவா மன்னனின் மகள். டெனமோ பிறப்பால் பக்ரமியன், பகைத்தலைவன் பிரான்டினின் உடன்பிறந்தானுக்கு மகன். வலிஸ்டர் இனத்துக்காக உயிரைப் பணயம் வைத்த இருவரும் வலிஸ்டர் அல்லர். இனம் என்பது குருதியில் இல்லை, வளர்ப்பிலும் வாழ்ந்த துன்பத்திலும் உருவாவது என்பதை நிறுவ இதனினும் சிறந்த வாய்ப்பு ஆசிரியருக்குக் கிடைத்திருக்க முடியாது. அவ்வாய்ப்பின் ஒரு பாதியை அவர் பயன்படுத்துகின்றார். மறுபாதியை அவரே குலைத்தும் விடுகின்றார். ஏனெனில் நாட்டை ஒன்றுபடுத்தும் வழியாக முன்வைக்கப்படுவது கட்டியுவாவின் அரச குருதி. இனக் குருதியின் பொய்ம்மையைக் காட்டிய கை, அரச குருதியின் மெய்ம்மையை நம்பச் சொல்கின்றது. நிலவுடைமைக் காலக் கதைமரபின் பிடியிலிருந்து ஆசிரியர் விடுபடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

லொடிஸ் வல்லரசின் நோக்கமும் அவ்வாறே சுருங்கிவிடுகின்றது. தொடக்கத்தில் அது அயலாரின் பூசலைத் தன் நலனுக்குப் பயன்படுத்தும் பேரரசு. பிற்பகுதியில் அது தேடுவது தெய்வ வாளொன்றையும், அது திறக்கவல்ல மறுவுலக வாயிலையும். இறுதிப் போர் வானத்துத் தோட்டமொன்றில், அரக்க உருவெடுத்த டோர்கலுவாவோடு நிகழ்கின்றது. மனிதர் மனிதருக்கிழைத்த கொடுமையின் கதை, மனிதரல்லாத ஒன்றைக் கொல்வதோடு முடிகின்றது. வணிக ஆட்டமொன்றுக்கு மாபெரும் இறுதிப் பகைவன் வேண்டும் என்ற சந்தைத் தேவை இதற்கு ஒரு காரணம். தான் எழுப்பிய அரசியல் வினாவுக்கு ஆசிரியரிடம் அரசியல் விடை இல்லாமை மற்றையது. ஊர்மக்களோ பல்மமூசாவில் ஒருமுறை வாய்திறந்து மறுத்ததோடு சரி. அதன்பின் அவர்கள் வரலாற்றின் பொருளாகவே உள்ளனர், கருத்தாவாக அல்லர்.

ஆயினும் முடிவுரைக் காட்சிகள் இச்சரிவை ஓரளவு ஈடுசெய்கின்றன. கட்டியுவாவுடன் பேசும் இறுதி உரையாடலில் ஆடுபவரின் விடைகள் அன்பற்றவையாயின், அவள் தன்னையே குத்திக்கொண்டு இறக்கின்றாள். அப்போது டெனமே முடிசூட நேர்கின்றது. மேலே கூறிய மறைவான கணக்கு இங்கே வந்து நிற்கின்றது: இனங்களின் மனத்தை வெல்லாது முடியேறும் டெனம் முடிசூட்டு விழாவிலேயே கொலையுண்கின்றான். நெடிய ஆட்டத்தில் ஆடுபவர் வென்ற அத்தனை போர்களும் அக்கணத்தில் அவனைக் காக்க உதவுவதில்லை.

2014இல் அக்கையடக்கப் பொறியின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2022 நவம்பரில் இதே ஆட்டம் 'ரீபோர்ன்' என்னும் பெயரில் பிளேஸ்டேசன், நின்டென்டோ சுவிட்ச், கணினி ஆகியவற்றுக்கென மீண்டும் திருத்தப்பெற்று வந்தது. தொழிலுக்குரியதாயிருந்த தேர்ச்சிநிலை அதில் மனிதர்க்கே மீட்டளிக்கப்பட்டுள்ளது. கருவியாக்கத்தின் தொல்லை நீங்கியுள்ளது. அளவுக்கு மீறிப் பயிற்சி பெற்றுக் களத்தை எளிதாக்கிக்கொள்ள இயலாதவாறு படை முழுவதுக்கும் ஓர் உச்சநிலையும் விதிக்கப்பட்டுள்ளது. இவ்வுச்சவரம்பு எனக்கு உவப்பானதன்று. போருக்கு முன் தம் படையை விரும்பியவாறு உருவாக்கும் உரிமையை அது பறிக்கின்றது. பாத்திரங்கள் அனைத்துக்கும் குரல் தரப்பட்டுள்ளமையோ வரவேற்கத்தக்கது. கையடக்கப் பதிப்பில் வாசித்து மாத்திரமே அறிந்த லியனாரின் வாதத்தை அதிற் காதாற் கேட்கலாம். நடிகர் அதனை உரக்கப் பேசவில்லை.